கிடைத்த உதவித்தொகையைக் காப்போம்

விடிகிற நேரம். மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் நிற்கிறது. கையில் சாப்பாட்டுப் பை. தோளில் துண்டு. எல்லோரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

மாரிக்குப்பம் கோலார் தங்கவயலில் இருக்கிறது. கர்நாடக மாநிலத்து ஊர். இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. முன்பு தங்கச் சுரங்கம்தான் இந்த ஊருக்குச் சோறு போட்டது. 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள்.

இந்த ஊரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பெங்களூரில் பெயிண்ட் அடிக்கும் வேலை. அம்மா கஸ்தூரி வீட்டு வேலை செய்கிறாள். மகள் ரேவதி. வயதான பாட்டியும் உடன் இருக்கிறார். கஸ்தூரி சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. முப்பத்தெட்டு வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவள். இப்போது பெயர்ப்பலகை படிக்கிறாள். கூட்டல், கழித்தல் போடுகிறாள்.

ரேவதி பி.யு.சி. இரண்டாம் ஆண்டு தேறினாள். நம் ஊர்களில் பன்னிரண்டாம் வகுப்பு என்று சொல்வதுதான் அது. வணிகப் பிரிவில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினாள்.

வீட்டில் மகிழ்ச்சி. கூடவே ஒரு கவலை. கல்லூரிக்குப் பணம்?

ரேவதி ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"அம்மா, நல்ல மார்க் வாங்கினவங்களுக்கு மத்திய அரசு உதவித்தொகை தருதாம். எங்க மேடம் சொன்னாங்க."

எவ்வளவு கிடைக்கும்?

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் திட்டம் இது. இந்தியா முழுவதற்கும் பொதுவானது. 2022-23 கல்வியாண்டு முதல் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்பு 10,000 ரூபாயாக இருந்தது. மேல் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பி.காம். 3 ஆண்டு. 3 முறை 12,000 என்றால் 36,000 ரூபாய்.
எம்.காம். 2 ஆண்டு. 2 முறை 20,000 என்றால் 40,000 ரூபாய்.
இரண்டும் சேர்ந்து 76,000 ரூபாய்.

இது கடன் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டாம். படித்துப் பெறும் பரிசு.

யாருக்குக் கிடைக்கும்?

"தொண்ணூறு வாங்கியிருக்காளே, கண்டிப்பாகக் கிடைக்கும்" என்றாள் கஸ்தூரி.

மேடம் சொன்னது வேறு. தொண்ணூறா, எண்பதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. வரிசையில் எந்த இடம் என்று பார்க்கிறார்கள்.

வரிசை என்றால் என்ன? ஒரு மாநிலத் தேர்வு வாரியத்தில் வணிகப் பிரிவில் தேறிய எல்லோரையும் மதிப்பெண்படி நிற்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதிக மதிப்பெண் வாங்கியவர் முன்னால். குறைந்தவர் பின்னால். மொத்தம் 100 பேர் என்றால், முன்னால் நிற்கும் 20 பேர்தான் விண்ணப்பிக்கலாம்.

அறிவியலுக்குத் தனி வரிசை. வணிகத்துக்குத் தனி வரிசை. கலைப் பிரிவுக்குத் தனி வரிசை. ஒவ்வொரு வாரியத்துக்கும் தனித்தனி வரிசை. தேர்வு எளிதாக இருந்த ஆண்டில் பலர் தொண்ணூறு வாங்குவார்கள். அப்போது தொண்ணூறு வாங்கியவரும் பின்னால் போய்விடலாம். தேர்வு கடினமாக இருந்தால் எழுபத்தைந்து வாங்கியவரும் முன்னால் வரலாம். ஆகவே, "நமக்கு மார்க் குறைவு" என்று கேட்காமலே விட்டுவிடக் கூடாது. அந்த ஆண்டின் அளவு என்ன என்று பள்ளியிலோ கல்லூரியிலோ கேட்க வேண்டும்.

முன்வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேருக்குத்தான் கொடுக்கிறார்கள். அதில் பாதி, அதாவது 41,000, பெண்களுக்கு.

இன்னும் சில நிபந்தனைகள் உண்டு.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேவதியின் அப்பாவுக்கு மாதம் 15,000. அம்மாவுக்கு 4,000. சேர்ந்து 19,000. ஆண்டுக்கு 2,28,000 ரூபாய். ஆகவே தகுதி உண்டு. இதற்குத் தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்க வேண்டும்.

தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கிற பட்டப்படிப்பாக இருக்க வேண்டும். தபால் வழிப் படிப்புக்கும் டிப்ளமோ படிப்புக்கும் இந்தத் தொகை இல்லை.

வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர் இதையும் சேர்த்து வாங்க முடியாது. எஸ்.சி. மாணவர்களுக்கு வேறு ஒரு திட்டம் இருக்கிறது. அதில் கல்லூரிக் கட்டணத்தையும் தருகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சிலருக்கு அதுவே அதிக லாபம். இரண்டையும் எழுதிப் பார்த்து எது நல்லது என்று முடிவு செய்யலாம்.

எப்படி விண்ணப்பிப்பது?

கல்லூரியில் முதல் ஆண்டு சேர்ந்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் தேசிய உதவித்தொகை இணையதளம் இருக்கிறது. அதில் ஆதார் எண்ணைக் கொடுத்து ஒரு முறை பதிவு செய்ய வேண்டும். 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். படிப்பு முடியும்வரை அந்த எண்தான். அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும்.

மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, ஆதார், பாஸ்புத்தகம், கல்லூரியில் சேர்ந்த ரசீது, தேவைப்பட்டால் சாதிச் சான்று. இவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும். ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். இதை வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. கல்லூரி அதைச் சரிபார்க்கும். அதன் பிறகு மேல் அதிகாரி சரிபார்ப்பார். குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். கடைசித் தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறையாவது விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது நல்லது.

விண்ணப்பிக்க அரசுக்கு ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். "பணம் கொடு, வாங்கித் தருகிறேன்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். போனுக்கு வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ரேவதி எல்லாவற்றையும் செய்தாள். முதல் ஆண்டுப் பணம் வந்தது.

வாங்கியதைக் காப்பது

பலர் தவறுவது இங்கேதான். ஒருமுறை கிடைத்தால் மூன்று ஆண்டும் தானாக வரும் என்று நினைக்கிறார்கள். வராது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மூன்று வேண்டும்.

ஒன்று: அந்த ஆண்டுத் தேர்வில் நூற்றுக்கு 50 மதிப்பெண்.
இரண்டு: வகுப்புக்கு வந்த நாட்கள் நூற்றுக்கு 75.
மூன்று: கடைசித் தேதிக்குள் புதுப்பிக்கும் விண்ணப்பம்.

ராகிங் போன்ற தவறு செய்ததாகப் புகார் இருந்தாலும் தொகை நின்றுபோகும்.

ரேவதிக்கு முதல் ஆண்டு சிரமம் இல்லை. புதுப்பித்தாள். இரண்டாம் ஆண்டுப் பணமும் வந்தது. அந்த ஆண்டில்தான் சோதனை வந்தது. பாட்டி குளியல் அறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அப்பா ரயில் ஏறிப் போய்விடுவார். அம்மா நாலு வீட்டு வேலைக்குப் போக வேண்டும். பாட்டிக்கு யார் துணை?

ரேவதி வீட்டில் இருந்தாள். முதலில் ஒரு வாரம். பிறகு இன்னொரு வாரம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் ரேவதி அழுதுகொண்டே வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"38 நாள் லீவு ஆயிடுச்சாம். மேடம் எச்சரிக்கை பண்ணாங்க."

கஸ்தூரி சுவரில் இருந்த காலண்டரை எடுத்தாள். மகளை உட்கார வைத்துக் கணக்குக் கேட்டாள்.

கல்லூரி வேலை நாள் 180. நூற்றுக்கு 75 என்றால் நாலில் மூன்று பங்கு. அது 135 நாள். ஆகவே விடுமுறை எடுக்கக்கூடியது 45 நாள். 38 போய்விட்டது. மீதி 7 நாள். கல்லூரி முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது.

"ஏழு நாள்தானா?" என்றாள் கஸ்தூரி.

இரவு அப்பா வந்தார். மூவரும் பேசினார்கள்.

"ஒரு வருஷம் பணம் வராட்டிப் போகுது. அம்மாவைப் பார்க்க வேணாமா?" என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கஸ்தூரி பென்சில் எடுத்தாள்.

"ஏங்க, நான் ஒரு வீட்டு வேலையை விட்டுடறேன். மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன். மாசம் 1,500 போகும். நாலு மாசத்துக்கு 6,000. இவ நின்னுட்டா அடுத்த வருஷம் 12,000 போகும். எம்.காம். படிச்சா வர்ற 40,000 போகும். 52,000 பெரிசா, 6,000 பெரிசா?"

அப்பா பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை அம்மாவை நான் பாத்துக்கறேன். நீ கொஞ்சம் ஓய்வு எடு" என்றார்.

காலை நேரத்துக்குப் பக்கத்து வீட்டு மேரி அக்கா ஒத்துக்கொண்டார். "அதுக்கென்ன கஸ்தூரி, பாட்டி எனக்கும் பாட்டிதானே" என்றார்.

அன்று முதல் காலண்டரில் ரேவதி போகாத நாளுக்குச் சிவப்பு வட்டம். வட்டம் போடுவது கஸ்தூரியின் வேலை. காய்ச்சலுக்கு இரண்டு நாள். உறவினர் கல்யாணத்துக்கு ஒரு நாள். மூன்று நாள் கல்யாணத்தில் ஒரு நாள் மட்டும்தான் ரேவதி போனாள். உறவினர் குறை சொன்னார்கள். கஸ்தூரி பொறுத்துக்கொண்டாள்.

கல்லூரி முடிந்தபோது மூன்று வட்டம்தான் கூடியிருந்தது. மொத்த விடுமுறை 41 நாள். வந்தது 139 நாள். தேர்வில் நூற்றுக்கு 61. ரேவதி நேரத்தோடு புதுப்பித்தாள்.

சில மாதம் கழிந்தது. கஸ்தூரி மகளின் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். பதிந்து வாங்கினாள். யாரிடமும் கேட்கவில்லை. கடைசி வரியை விரல் வைத்து அவளே படித்தாள். 12,000.

நினைவில் வைப்போம்

மதிப்பெண்ணைப் பிள்ளை வாங்குகிறது. ஆனால் வகுப்புக்குப் போகும் நாளைக் குடும்பம் காக்க வேண்டும். தம்பி தங்கையைப் பார்க்க, தண்ணீர் பிடிக்க, நோயாளிக்குத் துணை இருக்க என்று பெண் பிள்ளையைத்தான் முதலில் நிறுத்துகிறோம். ஒரு நாள்தானே என்று தோன்றும். ஒரு நாள் ஒரு நாளாகச் சேர்ந்துதான் 45 ஆகிறது.

தொகையும் நிபந்தனையும் கடைசித் தேதியும் மாறக்கூடும். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

கணக்குப் போடுவோம்

1. ஒரு கல்லூரியில் வேலை நாள் 160. நூற்றுக்கு 75 என்றால் எத்தனை நாள் வகுப்புக்குப் போக வேண்டும்? எத்தனை நாள் விடுமுறை எடுக்கலாம்?

2. உங்கள் குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு? ஆண்டுக்கு எவ்வளவு? நாலரை லட்சத்துக்குள் இருக்கிறதா?

3. உங்கள் வீட்டுப் பிள்ளை சென்ற மாதம் எத்தனை நாள் வகுப்புக்குப் போகவில்லை? ஏன்? காலண்டரைப் பார்த்து எழுதுங்கள்.