மூளைக் கொழுப்பும் வாட்ஸ்அப் வதந்தியும்

‘மூளையே கொழுப்பால் ஆனது, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் மறதி வரும்.’ இப்படி வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பி, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள்கூட கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். மாரடைப்பை வலியக் கூப்பிடும் காரியம் இது.

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளையில், உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருப்பது உண்மைதான். ஆனால் அதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளையின் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை.

மூளைக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் அல்சைமர் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்போம். நரம்பு செல்லைச் சுற்றியுள்ள சவ்வு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிட் என்ற இன்னொரு கொழுப்பும் நெருங்கிச் சேர்ந்த நுண்ணிய திட்டுகள் அதில் மிதக்கின்றன. 1997இல் கை சைமன்ஸ், எலினா இக்கோனன் ஆகிய இருவரும் ‘நேச்சர்’ இதழில் விளக்கிய இந்தத் திட்டுகளை லிப்பிட் ராஃப்ட், அதாவது கொழுப்புத் தெப்பம் என்கிறார்கள். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு, ஏபிபி என்ற புரதம் வெட்டுப்படும்போது உண்டாகிறது. தெப்பத்துக்கு வெளியே ஆல்ஃபா செக்ரடேஸ் நொதி வெட்டினால் அமிலாய்டு உருவாவதில்லை. தெப்பத்தில் இருக்கும் பீட்டா செக்ரடேஸ் வெட்டினால்தான் அதற்கு வழி பிறக்கிறது. இதற்கான சான்றுகள் பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் விலங்குகளிலும் கிடைத்தவை. பீட்டா செக்ரடேஸைத் தடுக்கும் வெருபெசெஸ்டாட் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லாததால் 2018க்குள் சோதனைகளையே நிறுத்தினார்கள். தெப்பத்தைச் சீராக்கும் அல்சைமர் மருந்து இன்று எந்தக் கடையிலும் கிடையாது.

வாட்ஸ்அப் செய்திக்கு நேர்மாறாக, 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், நடுவயதில் ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடுவதையே டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் சேர்த்தது. மாத்திரை தொடங்கியபின் சிலருக்கு மறதி தோன்றுவதுண்டு. பொதுவாக அது சரியாகிவிடும். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், சிகிச்சையும் உண்டு.

‘மூளை செல்லைப் புதுப்பிக்கும்’ என்று டானிக்கும் ஸ்டெம் செல் ஊசியும் விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். மூளை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை விதிக்கலாம். விளம்பரத்தின் படம், ரசீது, அட்டைப்பெட்டி மூன்றையும் பத்திரப்படுத்தி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது.

புது மருந்து ஆய்வில் சேரச் சொன்னால், நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுத்து விளக்கம் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உரிமை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.