பொடியாக வந்த எம்ஆர்என்ஏ தடுப்பூசி

புனே அருகிலுள்ள ஹிஞ்சேவாடி என்றால் நம்மூர் ஐ.டி. ஊழியர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது போக்குவரத்து நெரிசல்தான். அதே ஐ.டி. பார்க்கில்தான் எம்கியூர் குழுமத்தின் ஜெனோவா நிறுவனம் இருக்கிறது. இந்தியாவின் முதல் எம்ஆர்என்ஏ தடுப்பூசியான ஜெம்கோவாக்-19 அங்கே உருவானது.

எம்ஆர்என்ஏ என்பது, இன்ன புரதத்தைச் செய் என்று செல்லுக்குப் போகும் உத்தரவு. கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்துக்கான உத்தரவை ஊசியில் ஏற்றினால், நம் செல்களே அதைச் செய்துவிடும். நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்து எதிரியை அடையாளம் கண்டுவைத்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், ஆர்என்ஏவுக்கு ஆயுசு குறைவு. தண்ணீரில் இருந்தாலே அதன் பிணைப்புகள் மெல்ல அறுந்துபோகும்; நம் தோலில் இருக்கும் நொதி பட்டாலும் போச்சு. அதனால்தான் பைசர் தடுப்பூசியை மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டியிருந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு எங்கே போவது?

ஹிஞ்சேவாடியில் தண்ணீரையே எடுத்துவிட்டார்கள். மருந்தை உறையவைத்து, சுற்றிலும் காற்றை உறிஞ்சிவிட்டால், பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகிவிடும். குப்பியில் மிஞ்சுவது உலர்ந்த மருந்து மட்டுமே. 2 முதல் 8 டிகிரி குளிர் அதற்குப் போதும். பி.சி.ஜி., தட்டம்மை தடுப்பூசிகளும் இப்படிப் பொடியாக வருபவைதான். கரைத்த நேரத்தைக் குப்பியில் குறித்துவைத்து, நாலு மணி நேரத்தில் மிச்சத்தை ஒதுக்கிவிடும் கிராம சுகாதார செவிலியருக்கு இது பழகிய வேலை.

அடுத்து வந்த ஜெம்கோவாக்-ஓஎம், ஒமிக்ரானுக்கானது. அதன் ஆர்என்ஏ செல்லுக்குள் போய்த் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும். நகலெடுக்கும் நொதிக்கான உத்தரவும் அதிலேயே இருக்கிறது. புது வைரஸைக் கட்டுவதற்கான உத்தரவு இல்லை. நகல்கள் பெருகுவதால் குறைந்த மருந்தே போதும். இதைப் போட ஊசியும் வேண்டாம்: ஒரு கைக்கருவி, மருந்தை மெல்லிய தாரையாகத் தோலுக்குள் பீய்ச்சிவிடும். ஊசிக்கு அலறும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். ஆனால் அனுமதி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான்.

கோவிட்டைப் பொறுத்தவரை இவையெல்லாம் பந்தி முடிந்தபின் வந்த பாயசம். முதல் தடுப்பூசிக்கு அவசரகால அனுமதி கிடைத்தது 2022 ஜூன் கடைசியில். அடுத்த மாதம் 17ஆம் தேதி நாடு 200 கோடி டோஸைத் தாண்டிவிட்டது. ஒமிக்ரான் தடுப்பூசி வெளியான 2023 ஜூனில் பூஸ்டர் தேடிப் போனவர்கள் சொற்பம். ஆனாலும் இந்த உழைப்பு வீணில்லை. நாளை வேறொரு வைரஸ் வந்தால் மாற்ற வேண்டியது ஆர்என்ஏவில் உள்ள உத்தரவைத்தான். உலர்த்தும் வித்தை இங்கேயே கைவசம் இருக்கிறது.