'ஆம்' எங்கே விழுந்தது?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே அச்சிடப்படுகிறது.)



தூய ஆவியார் பெருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை காலைத் திருப்பலியில், யோவான் நற்செய்தியின் கடைசி வசனங்கள் வாசிக்கப்படும். சனிக்கிழமை காலையில் கோயிலுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இந்தப் பகுதி பலருடைய காதில் விழுந்தே இருக்காது. திபேரியக் கடலோரம். உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் அவருடைய வருங்காலத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டார். பேதுரு திரும்பிப் பார்க்கிறார். இயேசுவின் அன்புச் சீடர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். இவருக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார். நம் ஊர்க் கேள்விதான். தன் காரியம் முடிந்ததும் அடுத்தவர் காரியம். ஆண்டவர் சொன்ன பதிலின் பொருள் இதுதான்: நான் வரும்வரை அவர் இருக்கவேண்டும் என்று நான் விரும்பினால், அதில் உனக்கென்ன? நீ என் பின்னால் வா.

இந்தப் பேச்சு சகோதரர்களிடையே பரவியபோது, அந்தச் சீடர் சாகவே மாட்டார் என்று ஆகிவிட்டது. நற்செய்தியாளர் அதைத் திருத்துகிறார். சாகமாட்டார் என்று இயேசு சொல்லவில்லை, 'விரும்பினால்' என்றுதான் சொன்னார் என்று விளக்கம் எழுதுகிறார். நூல் முடிய இரண்டே வசனம் இருக்கும்போது இப்படி ஒரு மறுப்பு அறிவிப்பு!

இதைப் பரப்பியவர்கள் யார்? பகைவர்கள் அல்லர், பொய்யர்களும் அல்லர். செபத்திற்குக் கூடிவந்த விசுவாசிகள். அவர்கள் புதிதாக எதையும் இட்டுக்கட்டவில்லை. வாய்மாறி வரும் வழியில் 'விரும்பினால்' என்பதில் இருந்த அந்த 'ஆல்' மட்டும் கீழே விழுந்துவிட்டது. நிபந்தனையாகப் புறப்பட்ட பேச்சு, தீர்க்கதரிசனமாக வந்து சேர்ந்தது.

நம் தமிழில் இதைத் தடுக்கவே ஓர் அருமையான சொல் இருக்கிறது. 'வந்தான்' என்றால் நான் பார்த்தேன். 'வந்தானாம்' என்றால் பிறர் சொல்லக் கேட்டேன். பல மொழிகளில் ஒரு முழு வாக்கியம் போட்டுச் சொல்லவேண்டியதை நாம் 'ஆம்' என்ற ஒரே ஒட்டில் சொல்லிவிடுகிறோம். "ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தானாம்" என்று பாட்டி கதையைத் தொடங்குகிறாரே, அதில் கூட ஒரு நேர்மை இருக்கிறது. நான் அந்த ராசாவைப் பார்த்தவள் இல்லை என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

ஆனால் அந்த 'ஆம்' எத்தனை வாய் தாங்கும்? "அவன் கடன் வாங்கியிருக்கானாம்" என்று குழாயடியில் ஒருவர் சொல்கிறார். "கடன் வாங்கியிருக்கான்" என்று அடுத்தவர் வீட்டில் சொல்கிறார். "கடன்ல மூழ்கிட்டான்" என்று மாலையில் டீக்கடையில் முடிகிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த வரன் மறு வாரம் வேறு இடம் பார்க்கிறது. மூன்று பேரில் யாரைக் கேட்டாலும் "நான் பொய் சொல்லலியே, கேட்டதைத்தான் சொன்னேன்" என்பார்கள். ஒருவகையில் அதுவும் உண்மைதான்!

'ஆம்' விழுந்தால் உயிரே போகும் என்பதை நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகக் காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊரார் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்தார்கள். காரணம், வழியில் இருந்த பிள்ளைகளுக்கு அவர்கள் சாக்லேட் கொடுத்தது. 65 வயதுப் பெண்மணி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக அதற்கு முன்னரே வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் சுற்றிய ஒரு வீடியோவின் கதை இன்னும் வேதனையானது. கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை எச்சரிக்க எடுத்த படம் அது. பைக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், முடிவில் திரும்பி வந்து பிள்ளையை விட்டுவிட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். மீதியைப் பார்த்தவர்கள் கண்ணால் கண்டோம் என்றார்கள். திபேரியக் கடலோரத்தில் விழுந்த 'ஆல்' போலத்தான் இதுவும்; வால் மட்டும் அறுந்தது. ஜூலை மாதம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கைப்பேசிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. வாய்க்கு?

எட்டாம் கட்டளையை விளக்கும்போது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் மூன்று பாவங்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. நாம் எல்லாவற்றையும் சேர்த்து "புறணி பேசினேன் சாமி" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். இல்லாததைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது அவதூறு; இது எல்லாருக்கும் தெரியும். இருப்பதையே, தக்க காரணம் இல்லாமல், அதை அறியாதவர்களிடம் போய்ச் சொல்வதும் பாவம் என்றால் பலருக்கு வியப்பு. "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது முழுமையான பதில் ஆகாது. மூன்றாவது, முன்யோசனையற்ற தீர்ப்பு. இதற்கு வாயைத் திறக்கவே வேண்டாம். போதிய ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று மனத்துக்குள்ளே முடிவுகட்டினால் போதும்.

இந்த மூன்றாவது பாவத்தைப் பற்றி எனக்குக் குருமடத்தில் பாடம் நடத்தினார்கள், தேர்விலும் எழுதினேன். அதைக் கற்றுக்கொண்டது என் முந்தைய பங்கு ஒன்றில்.

அங்கே திருவிழா முடிந்து உண்டியலை எண்ணினோம். முந்தைய ஆண்டைவிட நன்றாகவே குறைந்திருந்தது. இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்தார். "நான் சொன்னேன்னு வேண்டாம் சாமி..." என்று தொடங்கினார். (இந்த வாக்கியத்தோடு தொடங்கும் எந்தச் செய்தியையும் இப்போது நான் அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.) உண்டியல் சாவி கோயில்பிள்ளையிடம்தானே இருக்கிறது, அவர் வீட்டுக்குத் தளம் போட்டிருக்கிறார், பார்த்தீர்களா என்றார். அவ்வளவுதான் சொன்னார். எடுத்தார் என்று அவரும் சொல்லவில்லை.

அதில் உண்மைகள் இரண்டு: உண்டியல் குறைந்தது, தளம் போட்டது. இரண்டையும் இணைத்த கயிறு என் மனத்தில் இருந்தது, வேறெங்கும் இல்லை. மறுநாள் அவரிடம், "சாவி கொஞ்ச நாள் என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். "சரி சாமி" என்று கொடுத்துவிட்டார். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனால் ஊர் அதைப் படித்துவிட்டது. சாமியே சாவியை வாங்கிவிட்டார் என்றால் வேறு சாட்சி எதற்கு? அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

தூய தாமஸ் அக்குவினா இதைப் பற்றிப் பேசுகிறார். ஐயம் இருக்கும் இடத்தில் அடுத்தவரை நல்லவராகவே எடுத்துக்கொள்ளவேண்டும் என்கிறார். கெட்டவனை நல்லவன் என்று நம்பிப் பலமுறை ஏமாந்தாலும் பரவாயில்லை. நல்லவனைக் கெட்டவன் என்று எண்ணினால், அது எப்போதாவது ஒருமுறைதான் என்றாலும், அவனுக்கு அநீதி செய்கிறோம். கேட்பதற்கு அப்பாவித்தனம் போலத் தோன்றும். அவர் அப்பாவி அல்லர். தீமைக்கு மருந்து தேடும்போது மோசமானதும் நடக்கலாம் என்று வைத்துக்கொண்டு செயல்படலாம் என்றும் அவரே சேர்த்துச் சொல்கிறார். அதாவது உண்டியலுக்கு இரண்டு பூட்டு போடு, இரண்டு பேரிடம் சாவி கொடு, நான்கு பேர் முன்னிலையில் எண்ணு. அது முன்னெச்சரிக்கை, எல்லாருக்கும் பொது. ஒருவரிடமிருந்து மட்டும் சாவியை வாங்குவது தீர்ப்பு. நான் செய்தது இரண்டாவது.

"அப்படியானால் எதையும் நம்பக்கூடாதா ஃபாதர்?" என்று இளையோர் கேட்கிறார்கள். உண்மை, பொய் என்று இரண்டு கூடைகளை மட்டும் வைத்துக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. 'இன்னும் தெரியாது' என்று மூன்றாவது கூடை ஒன்று வேண்டும். நம் பேச்சில் வருவதில் பெரும்பகுதி அதில்தான் போகவேண்டும். லூர்து நகரைப் பாருங்கள். அங்கே குணம் பெற்றதாக வந்து பதிவு செய்தவர்கள் 7,000-க்கும் மேல். திருச்சபை புதுமை என்று அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டுகின்றன. அங்குள்ள மருத்துவ அலுவலகம் 1883 முதல் இயங்கிவருகிறது. நோய் உண்மையிலேயே இருந்ததா, கடுமையானதா, குணம் திடீரென்று வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா, மருந்தால் வந்திருக்கக்கூடுமா என்று ஆண்டுக்கணக்கில் கேட்கிறார்கள். அன்னையின் மீது பக்தி இல்லாததால் அல்ல, பக்தி இருப்பதால். மீதியுள்ள ஆயிரக்கணக்கானோரைப் பொய்யர்கள் என்று திருச்சபை சொல்லவில்லை. அவர்கள் நன்றி செலுத்திவிட்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பினார்கள். 'எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்பதோடு திருச்சபை நிறுத்திக்கொள்கிறது. கிருபானந்தமான தியானக் கூட்டத்தில் கேட்ட சாட்சியம் ஒன்றை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் மருத்துவமனையில் பார்க்கப் போவதுண்டு. சாட்சி சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டவர் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் தவறு செய்தவன் ஆவேன். "புறணி பேசாதே" என்ற அறிவுரையை வைத்தே எளியவர்களின் வாயை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழந்தை, ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லி, எனக்கு இப்படி நடந்தது என்கிறது. "அவர் அப்படிப்பட்டவர் இல்லை, வெளியே சொல்லாதே" என்கிறோம். இது பிறர் பெயரைக் காக்கும் புண்ணியம் அல்ல. இங்கேயும் விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். இந்த முறை குழந்தைக்கு எதிராக. அப்பா அம்மா செய்யவேண்டியது டீக்கடையில் பேசுவதும் அல்ல, மூடி மறைப்பதும் அல்ல; விசாரிக்கும் பொறுப்பு உள்ளவர்களிடம் உடனே சொல்வது. 1098 என்ற எண்ணை எந்தப் போனிலிருந்தும் அழைக்கலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றம். தவறு செய்தவர் குருவாக இருந்தாலும் இதுதான் வழி. அருள்பணியாளர்களும் துறவியரும் இத்தகைய புகார்களைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் திருச்சபைச் சட்டமாகவே ஆக்கினார். ஆகவே எதைச் சொல்கிறோம் என்பதோடு, யாரிடம் சொல்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும்.

சூசன்னாவின் கதையில் ஊர் முழுவதும் இரண்டு மூப்பர்களை நம்பியது, அவர்கள் பெரிய மனிதர்கள் என்பதற்காக. தானியேல் செய்தது மிக எளிய காரியம். இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழே பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறு மரத்தைச் சொன்னார். ஒரு பெண்ணின் உயிர் பிழைத்தது. சீராக்கின் ஞானம் 19-ஆம் அதிகாரம் இதையே நண்பர்களுக்குச் சொல்கிறது: கேள்விப்பட்டதை வைத்து முடிவுகட்டாதே, அவரையே போய்க் கேள், ஒருவேளை அவர் அதைச் செய்யாமலே இருந்திருக்கலாம்.

நான் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து, மறைமாவட்டத் தணிக்கைக்குக் கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, தேர்த் திருப்பணிக் குழுவின் பாஸ்புக் கைக்கு வந்தது. அந்த ஆண்டு திருவிழாவுக்குக் கொடிமரத்தடியில் தேருக்கென்று தனியாக ஓர் உண்டியல் வைத்திருந்தோம். மக்கள் அதில் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் முந்தைய ஆண்டைவிட அதிகம். அந்தத் தேர் உண்டியலைப் பற்றித் திருப்பலி முடிவில் அறிவிப்புச் செய்தது நான்தான்.

திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் ஒப்புரவு முழுமையாகாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கெடுத்த பெயருக்கும் அதே சட்டம்தான். ரகசியமாகக் கெடுத்தால் ரகசியமாகவும், ஊர் அறியக் கெடுத்தால் ஊர் அறியவும் ஈடுசெய்யவேண்டும். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். தளம், கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடன். "அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா கடன் பத்திரத்தைக் காட்டியிருப்பேனே சாமி" என்றார். அவர் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு திருப்பலிகளிலும், மறையுரைக்குப் பதிலாக, நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னேன்னு வேண்டாம்" என்றவர் மூன்றாம் வரிசையில் இருந்தார். அவர் பெயரைச் சொல்லவில்லை.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டோம். ஒரு சாவியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அவரிடம் போனேன். வாங்கவில்லை. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. மறுநாள் விடியற்காலை மூவேளை செபத்துக்குக் கோயில் மணி அடித்தது. அந்த இழுப்பு அவருடைய கைதான் என்று படுக்கையிலிருந்தே தெரிந்தது. நான் அந்தப் பங்கிலிருந்து மாற்றலாகும் வரை மணி அடிக்க வந்துகொண்டிருந்தார். சாவியை மட்டும் கடைசி வரை தொடவில்லை.