சொல்லின் உறவும் இரத்தத்தின் உறவும்



கந்தோர், லாச்சி, போஞ்சி, கக்கூசு. நமது முதியோர் வாயிலே சாதாரணமாகப் புழங்கும் இச்சொற்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கடலோடி மட்டக்களப்பிலே கரையிறங்கினான். 1638இல் புளியந்தீவுக் கோட்டை போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்கள் பேசிய மொழி ஆங்கிலம், ஜேர்மன், டேனிஷ், சுவீடிஷ் முதலியவற்றுடன் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. ஜேர்மானியக் குடும்பம் என்பர். இக்குடும்பம் தோன்றிய கதை நமக்கும் வேண்டியதொன்று.

இம்மொழிகளின் தாய்மொழி ஏறத்தாழ கி.மு. 500 அளவில் இன்றைய டென்மார்க், தென் சுவீடன், வட ஜேர்மனி ஆகிய பகுதிகளிலே பேசப்பட்டதென அறிஞர் கொள்வர். அம்மொழியில் எழுதப்பட்ட நூல் எதுவும் இல்லை. அவ்வாறாயின் அதனை அறிந்தது எவ்வாறு? ஒலிகளை ஒப்பிட்டுத்தான். இலத்தீனில் மீனுக்குப் ‘பிஸ்கிஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’. தந்தைக்குப் ‘பாத்தெர்’, ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’. கொம்புக்குக் ‘கோர்னு’; ஆங்கிலத்தில் ‘ஹோர்ன்’. பகரம் நின்ற இடத்திலே ஃபகரமும், ககரம் நின்ற இடத்திலே ஹகரமும் வருகின்றன. இது தற்செயலன்று; சொல்லுக்குச் சொல் ஒழுங்காக நிகழ்ந்த மாற்றம்.

1822இல் யாக்கோப் கிறிம் இதனை விதியாக வகுத்தார். ஆனால் அவருக்கு முன்னரே, 1818இல் வெளியான நூலிலே, ராஸ்முஸ் ராஸ்க் என்ற டேனிய அறிஞர் இவ்வொப்புமையை எடுத்துக்காட்டிவிட்டார். விதிக்குக் கிறிமின் பெயர் நிலைத்துவிட்டது. ராஸ்க்குக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்பதே என் எண்ணம். இந்த ராஸ்க் 1821இல் இலங்கைக்கு வந்தவர். சிங்கள எழுத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் கொழும்பிலேயே அச்சாயிற்று. பாளி ஏடுகளையும் திரட்டிக் கொண்டுசென்றார்.

நமது பக்கத்தைப் பார்ப்போம். தமிழின் பால், பல், பத்து என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து. அதே ஒழுங்குதான். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதியதும் இத்தகைய ஒப்பீட்டு நெறியில் நின்றுதான்.

இதுவரை மொழியின் கதை. மக்களின் கதை வேறு. கி.பி. 98இல் உரோம ஆசிரியர் தாசிதஸ், ஜேர்மானியர் பிறரோடு கலவாத மக்கள் என எழுதிவைத்தார். வரலாறோ அவ்வாறு செல்லவில்லை. பிராங்குகள் என்ற ஜேர்மானியக் கூட்டத்தார் கோல் நாட்டை வென்றனர். அந்நாடு அவர்கள் பெயராலேயே பிரான்ஸ் ஆயிற்று. ஆனால் அங்கு நிலைத்தது இலத்தீன் வழிவந்த மொழி. வடபுலத்திலிருந்து வந்து 911இல் நோர்மண்டியில் குடியமர்த்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் 1066இல் இங்கிலாந்தை வென்றபோது பிரெஞ்சு பேசுவோராகவே வந்தனர்.

இருந்தும், தாசிதஸின் அந்த ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டு ஹிட்லரின் ஆட்கள் ‘தூய இரத்தம்’ பேசினர். அதன் விளைவை உலகம் அறியும். ஆரியம் என்பது மொழியைக் குறிக்கும் சொல், இரத்தத்தைக் குறிப்பதன்று என மாக்ஸ் முல்லர் 1888இலேயே கண்டித்திருந்தார். (அவரது முந்திய எழுத்துக்களும் அக்குழப்பத்துக்கு இடங்கொடுத்தவைதாம்.) இலங்கையிலும் அக்கண்டனத்தைச் செவிமடுத்தவர் சிலரே. சிங்களவர் ஆரியர், தமிழர் திராவிடர் என, மொழிக்கு இட்ட பெயர்களை உடம்பிலே ஒட்டி இரு பக்கத்தாரும் பேசினோம்.

மட்டக்களப்புத் தமிழ் கலப்பற்ற பழந்தமிழ் என்று பெருமை கொள்வோர் நம்மிடையே உளர். பேச்சுத் தமிழ் வகைகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே எனச் செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் கூறியதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். புதுமையான மாற்றங்களும் இப்பேச்சிலே நிகழ்ந்துள்ளன என்று அவர் சொன்னதை மட்டும் விட்டுவிடுவர்! இத்தமிழைப் பேசுவோர் யார் என்றும் பார்க்கவேண்டும். வாகரை, பனிச்சங்கேணிப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுகின்றனர். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களின் வீட்டுமொழியும் தமிழே.

பறங்கியரின் கதை இன்னும் வியப்புக்குரியது. கோட்டையைப் பிடித்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆண்டவர் ஒல்லாந்தர்; 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை அவர்களின் அதிகாரந்தான். ஆயினும் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் வேரூன்றியது, தோற்றுப்போன போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து இங்கேயே உருவான கிரியோல். ஒல்லாந்த வழிவந்த குடும்பங்களும் அதனையே பேசலாயின. அம்மொழியை வீட்டிலே பேசுவோர் இன்னமும் நம்மிடையே இருக்கின்றனர். ஆயினும் அவர்களின் பிள்ளைகள் பலர் பள்ளியிலும் தெருவிலும் பேசுவது தமிழ்.