பிட்காயின் மெஷின் ரிப்பேரா? கரண்ட் பில்லையும் பாருங்க!

திருச்சி:
பிட்காயின் சம்பாதிக்க செகண்ட் ஹேண்டில் 'மைனிங்' மெஷின் வாங்கியவர்களுக்கு திருச்சி, ஸ்ரீரங்கம் வெயிலும் தூசியும்தான் முதல் வில்லன். பழைய ஆன்ட்மைனர் எஸ்9 மெஷினில் 3 போர்டுகள். ஒவ்வொன்றிலும் 63 சிப்புகள் வரிசையாக இருக்கும். ஒரு சிப் போனாலே அந்த போர்டு படுத்துவிடும்.

முதலில் பிளக்கை பிடுங்கிவிட்டு தூசியை ஊதுங்க. ஃபேன் சுத்துதா, கேபிள் சரியா இருக்கா பாருங்க. கேபிளை மாற்றிப் போட்டும் அதே போர்டு மக்கர் செய்தால் கோளாறு போர்டில்தான். பவர் சப்ளையை மட்டும் திறக்காதீங்க. பிளக்கை பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

சிப் மாற்ற காசு கொடுக்கும் முன் ஒரு கணக்கு. சுமார் 1,350 வாட் மெஷின் நாள் முழுக்க ஓடினால் 32 யூனிட். 2 மாத பில்லில் 1,900 யூனிட்டுக்கு மேல்! பிளாக்குக்கு கிடைக்கும் பிட்காயினோ 2024 ஏப்ரலில் 6.25-ல் இருந்து 3.125 ஆகிவிட்டது.

வாரண்டி இருந்தும் கடைக்காரர் இழுத்தடித்தால், பில்லை கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடலாம்.