உடல் மாறினால் உள்ளமும் மாறுமா?



மனிதன் விலங்காக மாறும் செய்தி பல நாட்டுக் கதைகளிலும் வருவது. கிரேக்கப் பெருங்காவியமாகிய ஒடிசியிலே, சேர்சி என்னும் மாயக்காரி ஒடிசியசின் தோழரைப் பன்றிகளாக்கி விடுகின்றாள். அவர்களுக்கு வாய்த்தது பன்றியின் உடல். உள்ளமோ முன்போல மனித உள்ளம். ஆகவே தொழுவத்தில் அடைபட்டு நின்று கண்ணீர் வடிக்கின்றனர். கதையைத் தனியே இயற்றும் புலவனுக்கு இவ்வாறு விதித்தல் எளிது. அவன் வைத்ததே சட்டம். ஆனால் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே கதையைக் கூடி நடத்துகையில், அவர்களுள் ஒருவருடைய பாத்திரம் விலங்காகி விட்டால் என்ன செய்வது? எது மாறும், எது மாறாது என்பதை எல்லோரும் ஏற்கும் வண்ணம் வகுத்தல் வேண்டுமன்றோ? இவ்வினாவுக்கு ஒரு விளையாட்டு 50 ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கின்றது. அத்தேட்டத்தைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றேன்.

அவ்விளையாட்டின் பெயர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’. ‘நிலவறைகளும் பறவை நாகங்களும்’ என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றிய இவ்விளையாட்டு, 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து வெளிவந்தது. சதுரங்கத்தைப் போல எதிரியை வென்று முடிப்பது இதன் நோக்கமன்று. ஒவ்வொருவரும் போர்வீரன், மந்திரவாதி என ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஆட்டத் தலைவர் ஒருவர் உலகத்தை வருணித்து நடுவராகவும் இருப்பார். ஐயத்துக்குரிய செயல்களைப் பகடை தீர்த்து வைக்கும். அப்பகடைகளுள் 20 முகங்கள் உடையதும் ஒன்று. பாத்திரத்தின் ஆற்றல்கள் யாவும் எண்களால் குறிக்கப்படும். அறிவுத்திறனுக்கு ஓர் எண் உண்டு. எவ்வளவு அடியைத் தாங்கலாம் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகளும் உண்டு.

இதில் வரும் உருமாற்று மந்திரத்துக்குப் ‘பொலிமோர்ப்’ என்று பெயர். பல வடிவம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. நாம் கேட்டறிந்த கூடுவிட்டுக் கூடு பாய்தலோடு இதனை ஒன்றாக எண்ணலாகாது. அங்கே உயிரானது வேறோர் உடலிற் புகுகின்றது. இங்கே இருந்த உடலே வேறாகின்றது.

1974இன் முதல் நூல்களிலே இம்மந்திரம் இரண்டாக இருந்தது. ஒன்று மந்திரவாதி தன்னையே மாற்றிக்கொள்வது. மற்றது பிறரை மாற்றுவது. தன்னைப் பறவை நாகமாக்கிக் கொண்டவன் பறக்கலாம். ஆனால் அந்நாகத்தைப் போலத் தீயுமிழவோ போர்செய்யவோ இயலாது. பிறரால் மாற்றப்பட்டவனோ புதிய வடிவின் ஆற்றல்கள் அனைத்தையும் பெறுவான். உள்ளம் என்னவாகும் என்பது பற்றி அந்நூல்கள் மிகுதியாகப் பேசவில்லை.

1978இல் வந்த விதிநூல் அக்குறையை நிரப்பியது. நிரப்பிய முறையோ கடுமையானது. பிறரால் மாற்றப்பட்டவன் முதலில் அம்மாற்றத்தின் அதிர்ச்சிக்கு உயிர் தப்ப வேண்டும். தப்பினாலும், அவனுடைய மனமும் புதிய வடிவின் மனமாகிவிடும் ஆபத்து உண்டு. அதன் அடிப்படைக் கணக்கு இது: நூற்றுக்கு நூறு என்று தொடங்கி, அறிவுத்திறன் ஒவ்வொன்றுக்கும் ஐந்தைக் கழிக்க வேண்டும். அறிவுத்திறன் 10 உடையவனுக்கு ஆபத்து நூற்றுக்கு 50. மிகச் சிறந்த 18 உடையவனுக்கு நூற்றுக்கு 10. இச்சோதனை ஒருமுறையோடு முடிவதில்லை. மனம் மாறும்வரை நாள்தோறும் நிகழ்வது. நூற்றுக்கு 10 சிறிதென்று தோன்றலாம். ஆனால் ஏழு நாள்கள் சென்றால், அப்பேரறிஞனும் தன்னை இழந்திருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேலாகின்றது. தேரையாக மாற்றப்பட்ட தோழனைப் பெட்டியிலே வைத்துக்கொண்டு, மந்திரத்தை நீக்க வல்லவரைத் தேடிச் செல்லும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு விடியலிலும், தேரைக்குள் இருப்பவன் இன்னும் நம்மவன்தானா என்ற கேள்வி எழும். எண்கணிதம் ஒன்றே அங்கே துயரத்தையும் விரைவையும் உண்டாக்கிவிட்டது.

2003இல் வந்த திருத்தப் பதிப்பு மறுபுறம் சாய்ந்தது. உடல் மாறினாலும் அறிவும் மனத்திறனும் முழுதாக நிலைக்கும் என்றது. கேட்க இனிதாயினும் விளைவு நன்றாகவில்லை. பூதங்களையும் விலங்குகளையும் விவரிக்கும் நூல்களைத் துருவி, எந்த வடிவம் மிகுந்த பயன் தரும் என்று ஆடுவோர் தேடலாயினர். மந்திரவாதியின் மதிநுட்பமும் கொடிய விலங்கின் வலிமையும் ஒருவரிடமே சேர்ந்தால், வாளேந்திய வீரனாக வந்த நண்பருக்கு மேசையில் என்ன வேலை? ஒருவர் ஆட, ஏனையோர் பார்த்திருக்கும் நிலை வந்தது. நட்புக்காகக் கூடியவர்களிடையே அது சிறிய குறையன்று.

2014இன் ஐந்தாம் பதிப்பு நடுவழி கண்டது. அதன்படி இம்மந்திரம் விலங்கு வடிவத்தை மட்டுமே தரும். அதுவும் மாற்றப்படுவோரின் தரத்துக்கு மேற்படாத விலங்காதல் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலையாது. மந்திரம் செய்தவர் தம் மனத்தை அதிலேயே ஊன்றியிருக்க வேண்டும்; அவர் அடிபட்டு ஒருமை குலைந்தால் மந்திரமும் கலையும். மாறியவருக்கு விலங்கின் உடல் எண்களோடு அறிவு எண்ணும் வந்து சேரும். தமக்குரிய இயல்பும் நல்லது தீயதைப் பற்றிய சார்பும் மட்டும் மாறா. உதாரணமாக, ஏழாம் படியிலுள்ள மந்திரவாதி ஒருவர், சாகுந் தறுவாயில் நிற்கும் அதே படித் தோழரைப் பெருங்குரங்காக்கலாம். அத்தோழருக்கு ஒரே கணத்தில் 157 உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும். ஆனால் அவர் பேச முடியாது, மந்திரம் செய்ய முடியாது. அறிவுத்திறனும் 7 ஆகிவிடும். குரங்கின் புள்ளிகள் தீர்ந்ததும் அவர் பழைய உடலோடும் பழைய புள்ளிகளோடும் மீள்வார். மிஞ்சிய அடி மட்டும் அவரைச் சாரும். 2024இன் திருத்தம் இதனை மேலும் எளிதாக்கியது. சொந்த உயிர்ப்புள்ளிகள் அப்படியே இருக்க, விலங்கின் புள்ளிகள் தற்காலிகக் கவசமாக மேலே அமைகின்றன. கவசம் தீர்ந்தால் மந்திரமும் முடியும்.

இவ்விதிகளை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். உடலின் வலிமைக்கு விலை எது என்று கேட்டபோதெல்லாம், மந்திரம் சுவையுடையதாயிற்று. விலையின்றி வழங்கியபோது ஆட்டமே சீர்குலைந்தது. கூரிய மதியுள்ள மாணவன் ஒருவன் ஒரு மணி நேரம் மந்தமான அறிவோடு நடக்க வேண்டியிருக்கும்போது, தான் அறிந்ததையெல்லாம் அடக்கிக்கொண்டு, ‘இவ்வுயிருக்கு இது தெரியுமா?’ என்று தன்னையே வினவுகின்றான். பிறர் நிலையில் நின்று பார்க்கும் அப்பயிற்சியை வகுப்பறையிற் கற்பிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஆசிரியர் அறிவர்.

ஆகவே, பிள்ளைகள் பகடையும் காகிதமுமாக இவ்விளையாட்டில் அமர்ந்திருக்கக் கண்டால், வீண்பொழுது என்று உடனே விலக்கிவிட வேண்டா. அருகில் அமர்ந்து, ‘நீ குரங்கானால் உன்னிடம் எது மிஞ்சும்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் விடை விதிநூலில் உள்ளதாயினும், அவ்விடையைக் குறித்து அவர்கள் தமக்குள் செய்யும் வாதம் அவர்களுடைய சொந்தச் சிந்தனையாகவே இருக்கும்.