பொடக்காலியில் ஒரு மணல் குழி: நிழல் எங்கே விழும்?

இந்த வாரம் கோடிங் இல்லை, மணல். சாமளாபுரத்தில் அக்கா வீட்டுப் பொடக்காலியில் குழந்தைகளுக்கு ஒரு மணல் குழி போட்டோம், நிழலோட. நிறையப் பேர் கேட்டிருந்ததால அதன் கணக்கை முழுசா சொல்றேன்.

முதல்ல, எதுக்கு இது? சாமளாபுரம் நொய்யல் கரை ஊர். அம்மிச்சி காலத்துல மணல் விளையாடணும்னா ஆத்துல இறங்கினா போதும். இன்னைக்குக் கோயம்புத்தூர் சாக்கடையும் சேர்ந்து வர்ற தண்ணிக்குப் பக்கத்துல யாரும் பிள்ளையை விட மாட்டாங்க. முன்னாடி ரோட்டுல லாரி, டெம்போ. மிச்சம் இருக்கறது ஃபோன். வாண்டுகளுக்கு வயசு நாலும் ஆறும்.

"ஆத்துல நாலு சட்டி அள்ளிட்டு வந்தாப் போச்சு சாமி"ன்னு அப்பிச்சி சொன்னார். அனுமதி இல்லாம ஆத்து மணல் அள்ளுறது 1957 கனிமச் சட்டப்படி குற்றம். அதை விடுங்க, சாக்கடை ஊறின மணலைக் குழந்தை வாய்க்கு எட்டற தூரத்துல வைக்கவே முடியாது.

கடையில கேட்டா முதல்ல எம்-சாண்ட்தான் காட்டுவாங்க. கட்டடத்துக்கு அது ஓகே. ஆனா அது பாறையை உடைச்சு அரைச்சது. மணியெல்லாம் கூர் கூரா இருக்கும், முட்டி சிராய்க்கும். அதைவிட முக்கியம், அதுல இருக்கற மாவு மாதிரி தூசி. கல் குவாரி வேலை செய்யறவங்க நுரையீரலைக் கெடுக்கற சிலிக்கா அந்த மாதிரித் தூசியிலதான் இருக்கு. பி-சாண்டும் அரைச்ச கல்தான். தண்ணி உருட்டி உருட்டி மழுக்கின ஆத்து மணல், அதுவும் ரசீதோட வர்றது, சலிச்சுக் கழுவினது, அதைத்தான் எடுக்கணும். டெஸ்ட் ரொம்ப சிம்பிள்: கண்ணாடி பாட்டில்ல பாதி மணல், மீதி தண்ணி, நல்லா குலுக்கி அசையாம வச்சிடுங்க. மணலுக்கு மேல சேறு தனிப் படலமா உட்காரும். தடிமனா இருந்தா இன்னும் கழுவணும்.

எவ்வளவு மணல்? 6 அடிக்கு 6 அடி, ஆழம் 1 அடி. 36 கன அடி. நம்ம ஊர்க் கணக்குல ஒரு யூனிட் 100 கன அடி, அப்போ மூணுல ஒரு பங்கு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. காய்ஞ்ச மணலே ஒன்றரை டன்னுக்கு மேல வரும், நனைஞ்சா இன்னும் ஏறும். மொட்டை மாடியில போடலாமான்னு கேட்ட அபார்ட்மெண்ட் நண்பர்களே, இதான் பதில். தயவுசெஞ்சு வேண்டாம். ஆழமும் 1 அடி போதும். அதுக்கு மேல போனா பசங்க சுரங்கம் தோண்டுவாங்க, அது சரிஞ்சா ஆபத்து.

இப்போ நிழல். இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

அக்காவோட பிளான்: சமையல்கட்டு ஜன்னலுக்கு நேரா குழி, அதுக்கு நேர் மேல 8 அடி உயரத்துல ஷேட் நெட். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பசங்க எப்போ விளையாடுவாங்க? ஸ்கூல் விட்டு வந்து, 4 மணிக்கு. ஏப்ரல்ல சாமளாபுரத்துல சாயங்காலம் 4 மணிக்குச் சூரியன் அடிவானத்துல இருந்து சுமார் 36 டிகிரி உயரத்துல, மேற்கே நிக்கும். அந்தக் கோணத்துல 8 அடி உயர நெட்டோட நிழல் சுமார் 11 அடி கிழக்கே தள்ளி விழும். குழியோட அகலமே 6 அடிதான்! நிழல் ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம். ஞாயித்துக்கிழமை நாலு குச்சி நட்டு, பெட்ஷீட் கட்டி, சாக்பீஸ்ல கோடு போட்டுக் காட்டினதும் அக்கா ஒத்துக்கிட்டாங்க.

வீடு கிழக்குப் பார்த்தது, பொடக்காலி மேற்கே. மதியத்துக்கு மேல வீட்டு நிழல் முன்வாசலுக்குப் போயிடும், பின்னாடி உதவாது. ஆனா மேற்கு ஓரத்துல 5 அடி காம்பவுண்ட் சுவர் சும்மா நிக்குது. அதே 4 மணிக்கு அது கிட்டத்தட்ட 7 அடிக்கு நிழல் தருது, செலவில்லாம. அதனால குழியை அங்க மாத்தினோம். சுவரை ஒட்டித் தோண்டாதீங்க, அஸ்திவாரம் ஆழமில்லாம இருக்கலாம். ஒன்றரை அடி தள்ளி, பாதி பள்ளம், பாதி சாலிட் பிளாக் வச்சு மேடு.

நெட்டைச் சுவர் தலையிலேயே ஆரம்பிச்சுக் கிழக்கே 8 அடிக்கு ஏத்திக் கட்டணும். அப்போ 3 மணி வெயில் சுவரைத் தாண்டினாலும் நெட்டுல மாட்டும், நடுவுல சந்து கிடையாது. சூடான காத்தும் மேல் பக்கமா வெளியேறும். தெற்கே 4 அடி நீட்டி விடுங்க, டிசம்பர்ல உச்சி வெயில் தெற்கே சாய்ஞ்சு வரும். ஏப்ரல் மூணாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் அது வடக்கே இருக்கும், ஆனா சாய்வு கம்மி, கொஞ்சம் நீட்டினா போதும்.

துணி ஊர்ல இருந்துட்டு நெட்டுக்குக் காசு கொடுக்கணுமான்னு பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். தறிக்காரர், நியாயம்தான். காடாத் துணி பருத்தி. மழையும் வெயிலும் மாறி மாறி பட்டா இத்துப்போயிடும், தண்ணி தேங்கினா தொங்கும். 75 சதவீத நெட் மழையை வடிய விடும், காத்தையும் விடும். குழி அடியில பனியன் வேஸ்ட் போடற ஐடியாவும் அதே காரணத்தால வேண்டாம், மண்ணுல மக்கிடும். 3 அங்குலம் ஜல்லி, மேல தண்ணி இறங்கற ஜியோடெக்ஸ்டைல், அதுக்கு மேல மணல். முதல்ல ஒரு குடம் தண்ணி ஊத்தி மண் எவ்வளவு நேரத்துல குடிக்குதுன்னு பாருங்க. கரிசல்னா ஒரு வடிகால் பைப்பும் வேணும்.

ஆடிக் காத்தை மறந்துடாதீங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து பல்லடம் பக்கம் காத்தாடி எல்லாத்தையும் சுத்த வைக்கிறது அதுதான். மணலைச் சுவரே கொஞ்சம் காப்பாத்தும். நெட்டை மட்டும் இறுக்கிக் கட்டாதீங்க. லாரி டியூப் ரப்பரை வெட்டி நடுவுல போட்டா காத்துக்கு ஏத்த மாதிரி இழுபட்டுக் கொடுக்கும். மரம் வைக்கணும்னா புங்கன், வேம்பு. முருங்கை மட்டும் வேண்டாம், கம்பளிப்பூச்சி நேரா மணல்ல விழும்.

கடைசியா பூனை. அதுக்கு இது ஏசி டாய்லெட். பூனை, நாய் மலத்துல வர்ற புழு முட்டை, கொக்கிப்புழு, டாக்ஸோபிளாஸ்மா எல்லாம் மணல்ல காத்திருக்கும். டாக்ஸோபிளாஸ்மா தொத்தற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதனால பார்த்த அன்னைக்கே சுத்தி இருக்கற மணலோட அள்ளிப் போட்டுடணும். கர்ப்பமா இருக்கறவங்க இந்த வேலையைச் செய்யக்கூடாது. விளையாடி முடிச்சதும் சின்னக் கண் வலை அடிச்ச சட்டத்தால மூடுங்க. தார்ப்பாய் வேண்டாம், உள்ளே ஈரம் அடைஞ்சு நாறும். காலைல திறந்ததும் ஒரு தடவை கிளறிப் பாருங்க, தேள் இருக்கும் ஊரு. வாரம் ஒரு நாள் சலிச்சு வெயில் படப் புரட்டிப் போடுங்க. நெட்டைக் கழட்ட வேண்டியதில்லை, பக்கத்துல இழுத்து விட்டா போதும்.